பரண் பொருளுக்கும் ஒரு மண்டி வேண்டும்

நமது வணிகப் பெருமக்கள் சரக்கின் தரம் அறிந்தவர்கள். புளியைக் கையில் எடுத்ததுமே புதுப்புளியா, பழம்புளியா என்று சொல்லிவிடுவார்கள். மிளகாய் மூட்டை எந்த ஊர்ச் சரக்கு என்று நிறத்தையும் காம்பையும் பார்த்தே கண்டுகொள்வார்கள். ஆனால் நம் கடைப் பரணிலும் வீட்டு மாடியிலும் தூசி படிந்து கிடக்கும் வால்வு ரேடியோ, ரெக்கார்டு பிளேயர், ஸ்பூல் டேப் ரெக்கார்டர், மரப்பெட்டித் தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு என்ன விலை என்று கேட்டால் மட்டும், "பழைய இரும்புக் கடையில் கிலோ என்ன விலைக்கு எடுப்பார்கள்?" என்றுதான் திருப்பிக் கேட்கிறோம். இந்த நிலை மாற வேண்டும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறோம்.

மூத்த வணிகர் ஒருவர் காலமாகிறார். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். வீட்டை விற்க வேண்டும். பத்து நாள் விடுமுறையில் வந்தவர்கள் அதற்குள் எல்லாவற்றையும் காலி செய்தாக வேண்டும். பழைய சாமான் வாங்குபவர் வருகிறார். பித்தளை அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் எடை போட்டு விலை பேசுகிறார்கள். தேக்குக் கதவுக்குப் பேரம் நடக்கிறது. மூலையில் கிடக்கும் ரேடியோவைப் பற்றிப் பேச்சு வரும்போது, "அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள், இடம் காலியானால் போதும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அன்று கொசுறாகப் போன பெட்டிதான் பிறகு நகரத்துக் கடையின் கண்ணாடிக்குள் ஏறி நல்ல விலைக்குப் போகிறது. இடையில் இருந்தவர் லாபம் பார்க்கிறார். பொருளுக்கு உரிய குடும்பம், அதிலும் பெரும்பாலும் வயதான தாய், விவரம் தெரியாமலே இருந்துவிடுகிறார்.

அமெரிக்கா காட்டும் வழி

அமெரிக்காவில் இப்படி வீடு காலியாகும்போது நடப்பதை ‘எஸ்டேட் சேல்’ என்கிறார்கள். எஸ்டேட் என்றதும் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வரும். இங்கே அதற்குப் பொருள் அதுவல்ல. ஒருவர் விட்டுச் செல்லும் உடைமைகள் என்று பொருள். குடும்பத்தார் இதற்கென்றே தொழில் நடத்தும் ஒரு நிறுவனத்திடம் வீட்டை ஒப்படைக்கிறார்கள். அவர்கள் சமையலறைக் கரண்டி முதல் நிலவறையில் கிடக்கும் ஆம்பிளிஃபையர் வரை ஒவ்வொன்றையும் பிரித்து அடுக்கி, விலைச்சீட்டு ஒட்டுகிறார்கள். பொருள்களைப் படமெடுத்து முன்கூட்டியே விளம்பரம் செய்கிறார்கள். பெரும்பாலும் வார இறுதியில் இரண்டு மூன்று நாள் விற்பனை நடக்கும். முதல் நாள் சீட்டில் உள்ள விலை. கடைசி நாளில் பாதி விலைக்கும் கொடுப்பார்கள். விற்ற தொகையில் ஒரு விகிதத்தைத் தரகாக எடுத்துக்கொண்டு மீதியைக் குடும்பத்திடம் கணக்குக் காட்டித் தருகிறார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. நாம் தலைமுறை தலைமுறையாக நடத்தும் கமிஷன் மண்டிதான் இது. விவசாயி மூட்டையைக் கொண்டு வந்து இறக்குகிறார். மண்டிக்காரர் பலர் முன்னிலையில் விலை வைக்கிறார். விலை ஏறினால் விவசாயிக்கும் லாபம், தரகு கூடுவதால் மண்டிக்காரருக்கும் லாபம். ஆகவே இருவர் நலமும் ஒரே பக்கம் இருக்கிறது. வீட்டைக் காலி செய்யும்போது மட்டும் நாம் மண்டியை மறந்து, பொருளைக் குறைத்து மதிப்பிட்டால்தான் லாபம் பெறக்கூடிய ஒருவரிடமே விலையையும் கேட்கிறோம்.

எதைத் தேடுகிறார்கள், ஏன் தேடுகிறார்கள்?

அந்நாட்டில் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று எண் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைபவர்களில் பழைய ஒலிச்சாதனம் தேடுவோர் ஒரு கூட்டம். மெக்கின்டாஷ், மராண்ட்ஸ் போன்ற பெயர்களைத் தாங்கிய வால்வு ஆம்பிளிஃபையர்களுக்கு இன்றும் பெரும் மதிப்பு உண்டு. சினிமாக் கொட்டகைகளுக்காக வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் செய்த ஒலிபெருக்கிகளும் ஆம்பிளிஃபையர்களும், கொட்டகைகள் புதிய கருவிக்கு மாறியபோது கழிவாக ஒதுக்கப்பட்டன. 1970களிலும் 1980களிலும் ஜப்பானிய ரசிகர்கள் அவற்றைத் தேடித் தேடி வாங்கிச் சென்றார்கள். அதன் பிறகே அமெரிக்கர்கள் பலர் அவற்றின் அருமையை உணர்ந்தார்கள்.

தொலைக்காட்சியிலும் இப்படியே. 1954இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1000 டாலர் விலையில் வெளியிட்ட சி.டி. 100 என்ற முதல் கலர் பெட்டியும், 1958இல் ஃபில்கோ வெளியிட்ட, படக்குழாய் மட்டும் தனியே திரும்பும் பிரெடிக்டா பெட்டியும் சேகரிப்போர் விரும்பித் தேடுபவை. சோனியின் ட்ரினிட்ரான் வகைப் பெட்டிகளுக்கு வேறொரு கூட்டம் இருக்கிறது. 1980களின் வீடியோ விளையாட்டுகளில் துப்பாக்கியைத் திரைக்கு நேரே நீட்டிச் சுடும் விளையாட்டுகள் படக்குழாய்ப் பெட்டியில்தான் சரியாக இயங்கும். இன்றைய தட்டைத் திரையில் அவை வேலை செய்யா. வீட்டுத் தொலைக்காட்சிக்கான படக்குழாயைப் பெரிய ஆலைகள் இப்போது செய்வதில்லை. வரத்து நின்ற சரக்குக்குத் தேவை மட்டும் தொடர்ந்தால் விலை என்னவாகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம்மைப் போன்ற கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சோனி நிறுவனம் 1989இல் 43 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சி ஒன்றை வெளியிட்டது. எடை ஏறத்தாழ 200 கிலோ. அமெரிக்காவில் அதன் விலை 40,000 டாலர். அப்படி ஒரு பெட்டி இன்னும் எங்கேனும் இருக்கிறதா என்று ஆர்வலர்கள் பல ஆண்டுகள் தேடினார்கள். கடைசியில் அது எங்கே இருந்தது தெரியுமா? ஜப்பானின் ஒசாகா நகரில், நூடுல்ஸ் விற்கும் சாதாரண உணவுக்கடையின் மாடியில்! கட்டடம் இடிக்கப்பட இருந்த வேளையில் கண்டெடுத்து, கப்பலில் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்கள். விவரம் அறிந்தவர் கண்ணில் பட்டிராவிட்டால் கட்டடத்தோடு அதுவும் போயிருக்கும்.

நமது ஊர்களில்

சென்னையில் ஒரு காலத்தில் பழம்பொருள் என்றால் மூர் மார்க்கெட். 1985இல் அது தீக்கிரையான பிறகு கடைகள் அருகிலுள்ள லில்லி பாண்ட் வளாகத்துக்குச் சென்றன. உதிரிப் பாகத்துக்கு ரிச்சி தெரு இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண், கதவு, பீங்கான், எனாமல் பாத்திரங்களுக்கு நடுவே ரேடியோவையும் கிராமபோனையும் காணலாம்.

நமது வீடுகளில் இருப்பவை எவை? மர்ஃபி, புஷ், பிலிப்ஸ், ஜி.இ.சி. போன்ற வால்வு ரேடியோக்கள். இலங்கை வானொலி கேட்பதற்கென்றே கடையில் வைத்திருந்த பெட்டிகள் இவற்றில் அநேகம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியபின் வந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள். சென்னையிலேயே தயாரான டயனோரா, சாலிடேர் பெட்டிகளும் அவற்றில் அடங்கும். பெட்டியின் மரம் உளுக்காமல், டயல் கண்ணாடி உடையாமல், குமிழ்களும் பின்பலகையும் அசலாக இருந்தால் மதிப்பு கூடும். வாங்கிய ரசீதும், தபால் அலுவலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பித்த ரேடியோ உரிமப் புத்தகமும் இருந்தால் இன்னும் நல்லது. எனவே பழைய காகிதம் என்று அதைக் கிழித்துப் போட வேண்டாம்.

அதற்காகப் பழையது எல்லாம் பொன் என்று நாம் சொல்லவில்லை. 1990களில் லட்சக்கணக்கில் விற்ற சாதாரண கலர் டி.வி.க்கும் பிளாஸ்டிக் டேப் ரெக்கார்டருக்கும் இன்று வாங்க ஆள் கிடைப்பது அரிது. எது போகும், எது போகாது என்று பிரித்தறிவதில்தான் வியாபாரம் இருக்கிறது.

லாபமும் நியாயமும்

நம் உறுப்பினர்களில் சிலர் இப்போது தாமே இத்தகைய பொருள்களைத் தேடி வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள்: "விலை தெரிந்திருப்பது எங்கள் உழைப்பு. பத்துப் பெட்டி வாங்கினால் மூன்றுதான் பாடும். வண்டி வாடகை, மெக்கானிக் கூலி, ஆண்டுக்கணக்கில் முடங்கும் முதல் எல்லாம் எங்கள் தலையில். குறைத்து வாங்காமல் எப்படி?" இந்த வாதத்தில் நியாயம் உண்டு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் வித்தியாசம் இல்லையென்றால் வியாபாரமே இல்லை. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால், "என் செலவு போக இதற்கு இவ்வளவுதான் என்னால் தர முடியும்" என்று சொல்லி வாங்குவது வேறு. "இது வெறும் குப்பை, நான் எடுத்துப் போவதே உங்களுக்கு உதவி" என்று சொல்லி வாங்குவது வேறு. முன்னது வியாபாரம். பின்னது முத்திரையில்லாத எடைக்கல்லை வைத்து நிறுப்பதற்குச் சமம். கடையில் ஐம்பது கிராம் குறைந்தால் தலைகுனியும் நாம், துக்க வீட்டில் இதைச் செய்யலாமா? வள்ளுவர் வாணிகத்துக்குரிய அறத்தை ‘நடுவு நிலைமை’ என்ற அதிகாரத்திலேதான் வைத்தார் என்பதை நினைவில் கொள்வோம். இன்று நாம் வாங்கப் போகும் வீடு இன்னொரு வணிகருடையது. நாளை நம் வீட்டிலும் ஒருவர் வந்து இப்படியே நின்று விலை சொல்வார்.

சில எச்சரிக்கைகள்

பழைய ரேடியோ, டி.வி.க்குள் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது, அதற்குக் கோடிக்கணக்கில் விலை என்று ஒரு வதந்தி உண்டு. அப்படி ஒரு பொருளே இல்லை. இதே கதையை நம்பி 2009இல் சவூதி அரேபியாவில் பழைய தையல் இயந்திரங்களைப் பெரும் விலை கொடுத்து வாங்கி ஏமாந்தார்கள். முன்பணம் கேட்டு வருவோரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பளபளக்கும் பித்தளைக் குழலும் நாய்ப் படமும் உள்ள கிராமபோன்களில் பல, பழைய மோட்டாரைப் புதுப் பெட்டியில் பொருத்திச் சமீபத்தில் செய்தவை. அலங்காரத்துக்கு வாங்கலாம், பழம்பொருள் விலை கொடுக்கக் கூடாது. நூறாண்டு கடந்த பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொருந்தும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும்.

பல ஆண்டு கிடந்த பெட்டியை ஆசைக்குக்கூட மின் இணைப்பில் செருகிப் பார்க்காதீர்கள். உள்ளே காய்ந்த கண்டென்சர் வெடிக்கலாம், டிரான்ஸ்ஃபார்மர் எரியலாம். கலர் படக்குழாய்க்குப் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும். அணைத்த பிறகும் அது தங்கியிருக்கும். செப்புக் கம்பிக்காகக் குழாயை உடைப்பது இன்னும் கேடு. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. விலை போகாத பெட்டிகள், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே போக வேண்டும்.

நமது யோசனை

வணிகர் சங்கங்கள் இதைத் தம் பணியாக ஏற்க வேண்டும் என்பது நமது கருத்து. ஒவ்வொரு சங்கத்திலும் மூன்று பேர் கொண்ட சிறு குழு அமைக்கலாம். ஒருவர் பழைய ரேடியோ மெக்கானிக்காக இருப்பது நல்லது. வால்வு செட் பழுது பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். உறுப்பினர் வீடு காலியாகும் செய்தி வந்தால், குழு போய்ப் பொருள்களைப் பார்த்துப் பட்டியல் எழுதட்டும். படமெடுத்து விவரம் அறிந்த இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரிக்கட்டும். பிறகு சங்கக் கட்டடத்திலேயே இரண்டு நாள் விற்பனை வைக்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் விலைச்சீட்டு. முதல் நாள் முழு விலை. மறுநாள் குறைத்த விலை. தரகில் வரும் தொகை சங்கத்தின் நல நிதிக்குப் போகட்டும். குடும்பத்தார் கையில் கணக்குச் சீட்டு இருக்கட்டும்.

தொழிலாக வாங்கி விற்போர் கொள்முதல் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பழைய பொருளை அப்படியே விற்கும்போது, உள்ளீட்டு வரி வரவு எடுக்காதவர்களுக்கு, விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டும் ஜி.எஸ்.டி. கணக்கிட விதியில் இடமிருக்கிறது. ஆடிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்குப் பெரிய முதல் ஒன்றும் தேவையில்லை. விளைபொருளுக்கு மண்டி வைத்து விலை கண்ட நாம், நம் வீட்டுப் பொருளுக்கு ஒன்று வைக்க முடியாதா? அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசி முடிவு செய்யுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை உறுப்பினர்கள் ஒன்று மட்டும் செய்தால் போதும்: பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பரணில் ஏறி, என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.