சுடுவது மட்டுமா சுன்னத்?

அண்மைக் காலமாக நம் சமுதாயத்து இளைஞர்களிடையே துப்பாக்கி சுடும் விளையாட்டின்மீது ஆர்வம் பெருகிவருகிறது. 2022 ஜூலையில் திருச்சியில் நடைபெற்ற மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டது ஒரு காரணம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றது மற்றொரு காரணம். அதே ஒலிம்பிக்கில் துருக்கி நாட்டின் யூசுஃப் டிகேச், ஒரு கையைக் காற்சட்டைப் பையில் நுழைத்துக்கொண்டு மறு கையால் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டு, கலப்பு இரட்டையர் பிரிவில் வெள்ளி வென்றார். அந்தப் படம் வந்து சேராத வாட்ஸ்அப் குழுமம் நம்மிடையே அரிது.

ஆர்வம் தவறன்று. ஆயினும் அதற்கு ஆதாரமாக நம்மவர்கள் எடுத்துவைக்கும் வாதத்தைத்தான் நாம் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. "எய்வது சுன்னத்" என்கிறார்கள். வலிமை என்பது எய்வதில் இருக்கிறது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்லிம் தொகுப்பில் வரும் நபிமொழியை மேற்கோள் காட்டுகிறார்கள். அது உண்மையே. ஆனால் அந்த ஒரு நபிமொழியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஆயுதத்தை எப்படிப் பிடிப்பது, எவ்வாறு எடுத்துச் செல்வது, பிறர் கையில் எப்படிக் கொடுப்பது என்று அதே நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டவை இவர்கள் கண்ணில் படுவதில்லை. சுன்னத்தைப் பாதியாக அறுத்து, மனத்துக்கு இனிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

மறுபாதியைப் பார்ப்போம். சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விளையாட்டாக நீட்டினாலும் ஷைத்தான் அந்தக் கையைத் தவறச் செய்துவிடக்கூடும், நீட்டியவன் நரகப் படுகுழியில் விழ நேரிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்புகளுடன் நடப்பவர், எவர்மீதும் கீறல் படாதபடி அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். உறையிலிருந்து உருவிய வாளை அப்படியே ஒருவர் மற்றொருவரிடம் கொடுப்பதைத் தடுத்தார்கள். உயிருள்ள பிராணியைக் கட்டிவைத்து இலக்காக்குவோரைச் சபித்தார்கள்.

இப்போது ஒழுங்காக நடக்கும் ஏதேனும் ஒரு ரைபிள் கிளப்பின் சுவரில் தொங்கும் விதிப் பலகையைப் படித்துப் பாருங்கள். குழல்முனை எப்போதும் இலக்குத் திசையை நோக்கியே இருக்க வேண்டும். தோட்டா இல்லை என்று நீங்கள் உறுதியாக நம்பினாலும் மனிதர் பக்கம் திருப்பக் கூடாது. சுடும் இடத்துக்கு வரும்வரை துப்பாக்கி பெட்டிக்குள் இருக்க வேண்டும். கைமாற்றும்போது தோட்டா அறை திறந்திருக்க வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை என்பதைக் காட்டும் வண்ணப் பாதுகாப்புக் கொடி குழலில் செருகப்பட்டிருக்க வேண்டும். இலக்கு அட்டையைத் தவிர வேறெதையும் சுடக் கூடாது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் அம்புக்கும் வாளுக்கும் சொல்லப்பட்டதற்கும் இன்று பிஸ்டலுக்குச் சொல்லப்படுவதற்கும் கருத்தளவில் என்ன வேறுபாடு? ஆகவே கிளப்பின் விதி "வெள்ளைக்காரன் வைத்த சட்டம்" என்று அலட்சியம் செய்பவர், தாம் எதை அலட்சியம் செய்கிறோம் என்பதை உணரவில்லை.

விதியை அறியாதவரால் விளையும் கேட்டைவிட, விதி தமக்கு இல்லை என்று கருதும் உறுப்பினரால் விளையும் கேடு பெரிது. சுடுகளத்தில் பொறுப்பாளராக நிற்பவர் பெரும்பாலும் இளைஞர், சொற்பச் சம்பளக்காரர். உறுப்பினரோ தோட்ட முதலாளி, வணிகர், ஜமாஅத்தில் மரியாதைக்குரியவர். "விரலை விசையிலிருந்து எடுங்கள், பாய்" என்று அந்த இளைஞர் சொன்னால் பெரியவருக்கு முகம் சிவக்கிறது. "எனக்கே சொல்லித் தருகிறாயா?" என்ற கேள்வி எழுகிறது. மறுமுறை அந்த இளைஞர் வாய் திறப்பதில்லை. விபத்து அந்த மௌனத்தில்தான் உருவாகிறது.

இதே பெரியவர் பள்ளிவாசலில் எப்படி நடந்துகொள்கிறார்? ஸஃப்பில் கால் முன்னே இருந்தால் பின்னுக்கு இழுக்குமாறு இருபது வயது இமாம் சொல்கிறார், முணுமுணுக்காமல் இழுத்துக்கொள்கிறார். இமாமுக்கு முன் ருகூவுக்குச் செல்வதில்லை, ஸுஜூதிலிருந்து தலையை உயர்த்துவதில்லை. சுடுகளத்தின் வரிசையும் அத்தகையதே. தோட்டா இடுவதற்கு ஒரு கட்டளை, சுடத் தொடங்க ஒரு கட்டளை, நிறுத்த ஒரு கட்டளை, தோட்டாவை அகற்ற ஒரு கட்டளை. "நிறுத்து" என்ற சொல் காதில் விழுந்ததும், பாதி அழுத்திய விசையையும் விட்டுவிட வேண்டும். ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அந்தத் துருக்கியரும் இந்தக் கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டுத்தான் சுட்டார். பையில் நுழைத்த கையைப் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகள், கட்டளைக்குக் காத்திருந்த மற்றக் கையைப் பார்க்கவில்லை.

திறமை போதாதா என்று கேட்பவர்கள் உஹதை நினைத்துப் பார்க்கட்டும். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தலைமையில் 50 வில்லாளிகளை ஒரு குன்றில் நிறுத்தி, தாம் ஆளனுப்பும்வரை எந்நிலையிலும் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். அவர்களிடம் குறிபார்க்கும் திறமைக்குக் குறைவில்லை. வெற்றி கிடைத்துவிட்டது என எண்ணிய கணத்தில் பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். அதன் பிறகு நடந்ததை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். 70 பேர் ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்களே காயமுற்றார்கள். இறங்கியவர்களை அல்லாஹ் மன்னித்துவிட்டான்; குர்ஆன் 3:155 அதைக் கூறுகிறது. ஆனால் அந்தப் பாடம் நமக்காகவே எஞ்சியிருக்கிறது. எய்வதைச் சுன்னத் என்று சொல்லும் சமுதாயத்துக்கு, எய்பவரின் கட்டுப்பாடு குலைந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல இதைவிட வேறு வரலாறு வேண்டுமா?

அந்தக் குன்றிலிருந்து நாம் வாழும் மலைக்கு வருவோம். பழனி மலையில் துப்பாக்கிக்கு நீண்ட கதை உண்டு. 1860களில் இம்மலையின் உயர்பகுதிகளை ஆராய்ந்த ஆங்கிலேய அதிகாரி டக்ளஸ் ஹாமில்டன் பெயர்பெற்ற வேட்டைக்காரர். பேரிஜம் அருகே ஒரு இடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய வேட்டைக் குறிப்புகள் 1892இல் நூலாக வந்தன. துரைமார் போனார்கள், துப்பாக்கி வைத்திருப்பதே கௌரவம் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2013இல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இருந்தும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டங்களில் பன்றியும் காட்டுமாடும் பயிரை அழிக்கும்போது நாட்டுத் துப்பாக்கியின் நினைவு வருகிறது. விடுமுறைக்கு மலையேறும் நகரத்துப் பிள்ளைகள் பங்களாவின் பின்புறம் ஏர் துப்பாக்கியால் பாட்டிலையும் பறவையையும் சுட்டுப் பழகுகிறார்கள். பெரும்பாலான 4.5 மில்லிமீட்டர் ஏர் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் அதை விளையாட்டுப் பொருள் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். கண்ணில் பட்டால் அந்தச் சிறு ஈயக் குண்டு பார்வையைப் பறித்துவிடும் என்று யார் அவர்களுக்குச் சொன்னது?

மலை நிலத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் நிலம் படிப்படியாக இறங்குகிறது. மேல்தட்டில் நிற்பவருக்குக் கீழ்த்தட்டில் பூண்டு பறிக்கும் பெண்கள் தெரிவதில்லை; மூடுபனி இறங்கினால் பத்தடி தூரமும் தெரியாது. சிறிய தோட்டா என்று கருதப்படும் .22 தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரை மைல்வரை அபாயம் என்று அச்சிட்டிருப்பார்கள். இலக்குக்குப் பின்னால் உயர்ந்த மண்மேடு இல்லாத இடத்தில் சுடுகிறவர், தம் குண்டு எங்கே போய் நிற்கும் என்பதை அறியாமலேயே சுடுகிறார்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. 2021 டிசம்பர் 30ஆம் நாள், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையை அடுத்த பசுமலைப்பட்டியில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் சுடும் பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது, பாய்ந்து வந்த குண்டு ஒன்று அருகிலிருந்த குடியிருப்பில் 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. தாத்தா வீட்டில் இருந்த பிள்ளை. 2022 ஜனவரி 3ஆம் நாள் அவன் இறந்தான். அது அரசின் பயிற்சித் தளம். சுட்டவர்கள் பயிற்சி பெற்ற படையினர். அங்கேயே இப்படி நடக்குமென்றால், பங்களாவின் பின்புறத்தில் நாம் எந்தத் துணிவில் விசையை அழுத்துகிறோம்?

2020 நவம்பரில் மலையடிவாரத்துப் பழனி நகரிலேயே, நிலத் தகராறில் முதியவர் ஒருவர் தம் கைத்துப்பாக்கியால் இருவரைச் சுட்டார், ஒருவர் உயிரிழந்தார். கோபம் வந்த நேரத்தில் துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்ற நபிமொழியை நாம் ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அடக்கத் தெரியாதவரின் இடுப்பில் ஆயுதம் இருப்பது வீரத்தின் அடையாளம் ஆகுமா?

இத்தனைக்குப் பிறகும் சிலர் வாயிலிருந்து வரும் ஒரு சொல் உண்டு: "கத்ர்." விபத்து நடந்தால் "அல்லாஹ்வின் நாட்டம்" என்று கூறிக் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்புவதா, கட்டிவிட்டு நம்புவதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்று சொன்ன நபியின் உம்மத் நாம். குர்ஆன் 4:92ஐத் திறந்து பாருங்கள். தவறுதலாக நிகழ்ந்த கொலைக்கும் அல்லாஹ் கணக்கு வைத்திருக்கிறான்: இறந்தவரின் குடும்பத்தார் விட்டுக்கொடுத்தாலன்றி அவர்களுக்கு இழப்பீடு; அத்துடன் ஓர் அடிமையை விடுதலை செய்தல்; இயலாதவருக்குத் தொடர்ந்து இரண்டு மாத நோன்பு. "தெரியாமல் பட்டுவிட்டது" என்ற சொல்லோடு காரியம் முடிந்துவிடும் என்றால், இந்தப் பரிகாரம் எதற்காக?

நாட்டுச் சட்டமும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. 2019ஆம் ஆண்டின் திருத்தம், கொண்டாட்டத்துக்காகவோ கவனக்குறைவாகவோ சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவருக்கு இரண்டாண்டுவரை சிறை, ஒரு இலட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. வலீமாவில் வானத்தை நோக்கிச் சுட்டு மகிழ்ச்சி தெரிவிக்கும் வட நாட்டு வழக்கத்தை ரீல்ஸில் பார்த்து ரசிக்கும் இளைஞர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

"ஏற்கெனவே நம்மைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள், இந்த விளையாட்டே வேண்டாம்" என்று அஞ்சும் தாய்மார்களும் உண்டு. அவர்களின் கவலை புரிகிறது. ஆனால் விலகி ஒளிவது அதற்கு மருந்தாகாது. முறையான கிளப், முறையான பதிவேடு, முறையான உரிமம், விதி மீறாத நடத்தை, இவையே நம்மைப் பற்றிப் பேசட்டும். விளையாட்டில் நம் பிள்ளை நாட்டுக்காகப் பதக்கம் வெல்ல விரும்பினால் அதற்கான வழியும் அந்தக் கதவு வழியாகத்தான்.

எனவே பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்க்கும் முன் கிளப்பின் கட்டணத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். சுடும் நேரம் முழுவதும் பொறுப்பாளர் ஒருவர் களத்தில் நிற்கிறாரா என்று கேளுங்கள். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நேரில் பாருங்கள். விதி மீறிய உறுப்பினர் எவரையேனும், அவர் எத்தகைய செல்வராயினும், அந்தக் கிளப் வெளியே அனுப்பியதுண்டா என்று விசாரியுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். 21 வயது நிறையாத பிள்ளைக்குச் சட்டம் தனி உரிமம் தருவதில்லை. ஆகவே வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதன் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்கட்டும். ஈயக் குண்டைத் தொட்ட கையை நன்கு கழுவாமல் பிள்ளை உணவைத் தொடக் கூடாது. திருவிழாக் கடையில் பலூன் சுடும் துப்பாக்கியைத் தம்பியின் பக்கம் திருப்பிப் படம் எடுக்கச் சொல்லும் முதல் நாளிலேயே தடுங்கள். அந்தப் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

உறுப்பினர்களாக இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். கப்பலின் கீழ்த்தளத்தில் இருப்பவன் தன் இடத்தில்தானே துளையிடுகிறான் என்று மேல்தளத்தார் விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள் என்ற நபிமொழியை நாம் அறிவோம். பக்கத்துத் தடத்தில் நிற்பவர் குழல்முனையைத் திருப்பும்போது, அவர் பெரிய மனிதர் என்பதற்காக நீங்கள் வாய்மூடி நின்றால், துளையிட்டதில் உங்களுக்கும் பங்கு உண்டு. உங்களுக்கே அந்தத் திருத்தம் சொல்லப்பட்டால், "ஜஸாக்கல்லாஹ்" என்று சொல்லிவிட்டு விரலை எடுத்துவிடுங்கள். அதனால் எவருடைய மரியாதையும் குறைந்துவிடாது.

கையில் இருப்பது அமானிதம். எதிரே இருப்பது அல்லாஹ் படைத்த உயிர். இரண்டுக்கும் மறுமையில் கேள்வி உண்டு. எய்யும் கையைப் போலவே அடங்கும் மனத்தையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.