வலையருகே நிற்பார்க்கு மெல்லெடை மட்டை

அலுவலகம் முடிந்து மாலையில் வெளியேறும் நம் இளைஞர் பலர் தோளில் இப்போது புதியதொரு பை தொங்கக் காண்கிறோம். பேடல் என்னும் ஆட்டத்திற்குரிய மட்டையே அதனுள் இருப்பது. பெங்களூரில் வாழும் நம் குடும்பங்களிலிருந்து இத்திங்கள் இப்பகுதிக்கு வந்த மடல்கள் சிலவற்றில் ஒரே வினாவே கேட்கப்பட்டிருக்கிறது. வலையருகே நின்று தாக்கி ஆடுவார்க்கென்று விற்கப்படும் எடை குறைந்த மட்டையை வாங்கலாமா என்பதே அது. கேட்டவருள் இருவர் ஆடுவோர். மூவர் அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய தந்தையர். முதல் தரம் என்று கூறப்படும் மட்டைகள் 20,000 ரூபாயையும் தாண்டுகின்றன. ஊர் விட்டு வந்து உழைத்து ஈட்டும் பொருளை அவ்வளவு எளிதில் எடுத்துக் கொடுத்துவிட இயலாது. ஆதலின் அவ்வகை மட்டை ஒன்றை இரவல் பெற்று மூன்று வாரம் ஆடிப் பார்த்தோம். எக்கம்பெனியார் செய்தது என்பதைக் கூறப்போவதில்லை. வகையைப் பற்றியே நம் பேச்சு.

ஆட்டத்தை அறியாத மூத்தோர்க்கு இரண்டொரு சொல். பேடல், டென்னிசின் தங்கை. 1969-இல் மெக்சிக்கோ நாட்டின் அக்கபுல்கோவில் என்ரிக்கே கோர்குவேரா என்பவர் தம் வீட்டில் அமைத்த களத்தில் இது பிறந்தது. 1974-இல் அல்போன்சோ டி ஓகன்லோகே என்பவர் இதை ஸ்பெயினின் மார்பெல்லாவிற்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து உலகெங்கும் பரவிற்று. களம் 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. சுற்றிலும் கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும் இருக்கும். நால்வர் ஆடுவர். தரையில் ஒருமுறை பட்ட பந்து பின்சுவரில் மோதித் திரும்பினாலும் அதனை அடிக்கலாம். இதுவே இவ்வாட்டத்தின் சுவை. மட்டையில் நரம்பு இல்லை. உள்ளே நுரை, மேலே கார்பன் இழை அல்லது கண்ணாடி இழை, ஊடே துளைகள். நீளம் 45.5 செ.மீ.க்கு மேற்படலாகாது, கனம் 38 மி.மீ.க்கு மேற்படலாகாது. மணிக்கட்டில் கயிறு மாட்டியே ஆட வேண்டும் என்பது விதி.

வலையருகே நிற்பவனுக்கு என்ன வேண்டும்? விரைந்த கை வேண்டும். எதிரி அடித்த பந்து தரையில் படுமுன் அதனைச் சந்திக்க வேண்டும். வலப்பக்கம் வருமா, மார்புக்கு வருமா என்று எண்ண நேரமில்லை. 1999-இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை மகேசு பூபதியுடன் வென்ற லியாண்டர் பயசு வலையருகே கை அசைத்த விரைவைக் கண்டவர் நம்முள் பலர் உளர். அவ்விரைவைப் பாதியேனும் பெற ஆசைப்படுவோன் எடை குறைந்த மட்டையை நாடுவது இயல்பே. சாதாரண மட்டை 360 முதல் 375 கிராம் வரை இருக்கும். நாம் ஆடியது சமையலறைத் தராசில் 352 கிராம் காட்டிற்று.

ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. எடை என்பது வேறு. கைக்குத் தோன்றும் பளு வேறு. நம் பாட்டிமார் உலக்கையை நடுவில் பிடித்தே இடித்தனர். அதே உலக்கையை ஒரு முனையில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள், தோள் கழன்றுவிடும். எடை மாறவில்லை, கைக்கும் பளுவுக்கும் உள்ள தொலைவே மாறிற்று. மட்டைக்கும் இதுவே முறை. தாக்குதலுக்கென்று செய்யும் மட்டைகள் பெரும்பாலும் வைர வடிவின. தலைப்பகுதி அகன்று, பளு நுனியை நோக்கி ஏறியிருக்கும். ஓங்கி அடிக்கும்போது அது சம்மட்டி போல் உதவும். ஆனால், நுனி கனத்த 350 கிராம் மட்டை, நுனி இலேசான 370 கிராம் மட்டையைவிடச் சோம்பலாகத் திரும்புவதும் உண்டு. ஆகவே கடையில் அட்டையிலுள்ள எடையை மட்டும் படித்து மயங்குதல் கூடாது. மட்டையை ஒரு விரலின் மேல் கிடத்திச் சமன் நிற்கும் இடத்தைக் குறித்து, கைப்பிடியின் அடியிலிருந்து அளந்து பாருங்கள். ஏறத்தாழ 26 செ.மீ. என்றால் நடுநிலை; அதற்கு மேல் போகப் போகத் தலைக்கனம். (மட்டைக்கேனும் அதனை அளக்க வழி இருக்கிறது!)

நாம் ஆடிய மட்டை 25.8 செ.மீ.யில் சமன் நின்றது. எடையைக் குறைத்ததோடு பளுவையும் சற்றுக் கீழிறக்கியிருக்கின்றனர். அதன் பயனை முதல் நாளே உணர்ந்தோம். வலைக்கு இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் நின்று, மார்பை நோக்கி வந்த பந்துகளைத் திருப்புவதில் தடுமாற்றம் பெரிதும் குறைந்தது. ஸ்பானியர் ‘பண்டேஹா’ என்று ஓர் அடி கூறுவர். தட்டு என்பது பொருள். பரிமாறுபவன் தட்டை ஏந்துவதுபோல் மட்டையைத் தலைக்கருகே உயர்த்தி, தலைமேல் வரும் பந்தை வெட்டி, வலையோர இடத்தை இழவாமல் காக்கும் அடி அது. ‘விபோரா’ என்பது மற்றொன்று. விரியன் பாம்பு எனப் பொருள்படும். பக்கச் சுழற்சியோடு சீறிச் செல்லும். இவ்விரண்டிலும் மட்டை நாம் விரும்பிய வழியெல்லாம் வந்தது. இரண்டு மணி நேரம் ஆடிய பின்னும் தோளில் அயர்வு இல்லை.

குறை இல்லாமல் இல்லை. பின்சுவரருகே தள்ளப்பட்டபோது மட்டை நம்மைக் கைவிட்டது. எதிரி வன்மையாக அடித்த பந்தை வெறுமனே தடுத்தால், மெல்லெடை மட்டை கையில் நடுங்கிற்று. பந்து வலையை எட்டாமல் வீழ்ந்தது. கனத்த மட்டை தன் பளுவாலேயே பந்தைத் திருப்பும். இலேசான மட்டைக்கு அந்த வேலையைக் கை செய்ய வேண்டும். மேலும், நன்றாகப் பந்தை ஏற்கும் இடம் இவ்வகை மட்டையில் சிறிது; அதுவும் நுனிப்பக்கம் அமைந்தது. சற்று விலகிப் பட்டால் ஓசையே காட்டிக் கொடுத்துவிடும்.

முழங்கையைப் பற்றி நாம் சற்று வற்புறுத்தியே கூற விரும்புகிறோம். எடை குறைந்தால் கைக்கு நலம் என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. அதிர்ச்சியை ஏற்க மட்டையில் பளு குறைவாயின், எஞ்சியது கைக்கே வந்து சேரும். கெட்டியான நுரையும் விறைத்த கார்பன் இழையும் சேர்ந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. முழங்கையின் வெளிப்புறத் தசைநாண் புண்பட்டு வலிக்கும் நோயை டென்னிஸ் முழங்கை என்பர். ஆறுதற்குத் திங்கள் பல ஆகும். நாள் முழுதும் கணினியில் விரல் ஓட்டி, மாலையில் மட்டை பிடிக்கும் கைகள் நம் இளைஞருடையவை. வேலைக்கும் விளையாட்டுக்கும் அதே முழங்கைதான். ஆகவே மெல்லெடையை விரும்புவோர் மென்மையான நுரையுடையதைத் தேர்க. கைப்பிடி மெலிந்ததாயின் மேலே ஒரு நாடா சுற்றுக. மெலிந்த பிடியை இறுகப் பற்றுவதும் அந்நோய்க்கு ஒரு வாயில்.

இனி நம் பெங்களூருக்கே உரிய செய்தி. இந்நகர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையைவிட இங்குக் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு. பந்து விரைந்து பறக்கும், துள்ளலும் மிகும். 500 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களில் துள்ளல் குறைந்த பந்தைப் பயன்படுத்தலாம் என்று ஆட்ட விதியே இடம் கொடுக்கிறது. இதனால் விளைவது யாது? வன்மை இங்கே மலிவு, அடக்கமே அருமை. பந்தைக் களத்துக்குள் நிறுத்துவதுதான் பெங்களூரில் பாடு. ஆகவே வன்மைக்கென்று மிகை விலை கொடுத்து வைர வடிவ மட்டை வாங்குவோர், காற்று இலவசமாகத் தருவதை கடையில் காசு கொடுத்து வாங்குகின்றனர். பொங்கலுக்குச் சென்னை சென்று அங்குள்ள உறவினரோடு ஆடினால் நிலைமை மாறும். கடற்கரைக் காற்றில் பந்து மந்தமாகும். அங்கே அவ்வன்மை உதவும்.

இராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதிக்கு ஏறியது பந்தை நசுக்கியன்று; தொட்டு வைத்து ஆடியே. அம்மரபினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அப்படியாயின் யார் வாங்கலாம்? ஓராண்டேனும் ஆடிப் பழகி, இடப்பக்கம் நின்று தலைமேல் வரும் பந்தை அஞ்சாது அடிப்பவர் வாங்கலாம். தோள் வலுக் குறைந்தவரும், பெண்மக்களுள் வலையோர ஆட்டத்தில் தேர்ந்தவரும் வாங்கலாம். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு இது வேண்டா. வட்ட வடிவ மட்டை ஒன்று நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். களத்தில் வாடகை மட்டைகளும் உண்டு. மூன்று நான்கு வகைகளை ஆடிப் பார்த்த பின் கடைக்குச் செல்லுதல் நன்று. மடல் எழுதிய தந்தையருள் இருவர்க்கு நம் விடை ‘இப்போது வேண்டா’ என்பதே, மகனார் சினங்கொள்ளாதிருப்பாராக.

வாங்குவோர் கடைக்காரரிடம் தராசு கேட்கத் தயங்க வேண்டா. ஒரே பெயருள்ள இரு மட்டைகள் பத்துப் பதினைந்து கிராம் வேறுபடக்கூடும். கைப்பிடிக்கு நாடா சுற்றினால் ஐந்தாறு கிராம் கூடும். சுவரில் உரசாதிருக்க நுனியில் ஒட்டும் காப்புப் பட்டையோ, பளுவை நுனிக்கே ஏற்றிவிடும். மெல்லெடைக்குக் கொடுத்த விலை அங்கேயே பாழ். மட்டையை வெயிலில் நிற்கும் காரில் விட்டுச் செல்லாதீர்கள்; நுரை தளரும். மார்கழிக் காலையில் அதே நுரை விறைத்திருக்கும். முதல் பத்து நிமிடம் மெல்ல ஆடுங்கள்.