எழுவதும் எழுப்புவதும்

‘லை’, ‘லே’ என்னும் இரண்டு ஆங்கில வினைச்சொற்கள் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் என்னை அழ வைத்தன. ‘புத்தகம் மேசைமேல் கிடக்கிறது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், ‘லைஸ்’ என்பதற்குப் பதிலாக ‘லேஸ்’ என்று எழுதுவேன். சிவப்பு மையில் சுழி விழும். “தமிழிலே நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறாய், அதனால் வந்த வினை!” என்றார்கள், அப்போது நான் படித்த பள்ளியில். தாய்மொழிதான் தடைக்கல் என்று நானும் நம்பிவிட்டேன்.

அந்த எண்ணம் கலைந்தது தமிழ் வகுப்பில். அன்று தன்வினை, பிறவினை பாடம். உருள், உருட்டு, திருந்து, திருத்து, எழு, எழுப்பு. குழந்தை எழுகிறது, தாய் குழந்தையை எழுப்புகிறாள். அட, இதுதானே ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’! தானே எழுந்தால் ‘ரைஸ்’. மற்றொன்றை எழுப்பினால், உயர்த்தினால் ‘ரெய்ஸ்’. அவ்வாறே கிடப்பது ‘லை’, கிடத்துவது ‘லே’. கோழி முட்டையிடுவதும் ‘லே’தான். ‘சிட்’, ‘செட்’ என்பவையும் இப்படிப் பிறந்த இணையே. ஆங்கிலத்தில் இத்தகைய இணைகள் சிலவே எஞ்சியிருப்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ‘லை’, ‘லே’யில் தடுமாறுகிறார்கள். நமக்கோ இது வீட்டுப் பேச்சு. ‘அம்மா என்னை எழுந்தாள்’ என்று எங்கள் வீட்டு வாண்டுகூடச் சொல்லாது.

ஒரு வில்லங்கம் உண்டு. ‘லை’ என்பதன் இறந்தகாலமும் ‘லே’தான். பொய் சொல்வதற்கும் ‘லை’. அதன் இறந்தகாலமோ ‘லைட்’. இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். இங்கே தமிழ் கைகொடுக்காது.

‘பிரிங்’, ‘டேக்’ குழப்பத்துக்குத் தொல்காப்பியரே துணை வருகிறார். பேசுவோரையும் கேட்போரையும் நோக்கியவை வரவும் தரவும். பிறரை நோக்கியவை செலவும் கொடையும் என்று சொல்லதிகாரத்தில் வகுத்திருக்கிறார். என்னிடம் கொண்டு வந்தால் ‘பிரிங்’. அடுத்த வகுப்புக்குக் கொண்டு போனால் ‘டேக்’.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்னும் வழக்கம் சில பள்ளிகளில் உண்டு. ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்ற அவர்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இலக்கணம் விளக்கும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் கரும்பலகையில் ‘எழு’, ‘எழுப்பு’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மாதத்தில் ஒரு பாடவேளை ஆங்கில ஆசிரியையும் தமிழாசிரியையும் சேர்ந்தே வகுப்புக்கு வரலாகாதா?

என் தங்கை இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். நேற்று அவள் ஏட்டைப் புரட்டினேன். அதே ‘லேஸ்’, அதே சிவப்புச் சுழி.