பனியாற்றுக்கு ஒரு நியாயம், காரைக்கு ஒரு நியாயமா?

ஐஸ்லாந்தில் சோல்ஹைமாயோகுல் என்று ஒரு பனியாறு இருக்கிறது (வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை!). ஒரு நாள் டூரில் வருகிறவர்கள் அதன் மேல் சில மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்புவார்கள். நினைத்தபடி ஓட முடியாது. காலணிக்கு அடியில் இரும்புப் பற்கள், தலையில் ஹெல்மெட், முன்னால் ஒரு கைடு. அவர் போன தடத்திலேயே வரிசையாகப் போக வேண்டும். அவ்வளவு தூரம் எதற்கு? கங்கோத்ரி பனியாறு முடிகிற கோமுக்கிற்கு 2008 முதல் ஒரு நாளைக்கு 150 பேர்தான் என்று வரம்பு வைத்தார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

சரி, பெரம்பலூர் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே பனி கிடையாது, வெயில்தான். ஆனால் காரை ஓடைகள் இருக்கின்றன. மரம் மட்டை இல்லாமல், மழை அரித்து அரித்து மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் களிமண் மேடுகள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அது கடலடி. நடக்கும்போதே ஜிப்சம் தகடுகள் பளபளக்கும். துப்பாக்கிக் குண்டு மாதிரி சின்னச் சின்னக் கற்கள் காலில் இடறும். அவை பெலம்னைட், கணவாய் மீனின் பழைய உறவுக்காரர்கள். 1860-களிலேயே பிளான்ஃபோர்டும் ஸ்டோலிஸ்காவும் இந்தப் பகுதியைப் பற்றி எழுதிவைத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு நாள் டூர் எப்படி நடக்கிறது? வேன் வந்து நிற்கும். வழி சொல்ல ஆள் கிடையாது. ஆளாளுக்கு ஒரு பக்கம் ஏறுவார்கள், மேடு சரியும். ரெண்டு மணி நேரத்தில் பை கனத்துவிடும். "ஃப்ரீயா கிடக்குது, எடுத்தா என்ன?" ஒரு வாரம் ஷோகேஸ், அப்புறம் பரண், அப்புறம் குப்பை. முடிந்தது கதை.

கேட்டால் தயாராக ஒரு பதில் வரும்: "ஆலத்தியூர் பக்கம் போய்ப் பாருங்க, சிமெண்டுக்காக லாரி லாரியா சுண்ணாம்புக்கல் போகுது. அதை விட்டுட்டு பசங்க எடுக்குற நாலு கல்லா பெருசு?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுரங்கத்துக்குக் குத்தகை உண்டு, ராயல்டி உண்டு, கணக்கு உண்டு. பையில் போகிற கல்லுக்கு என்ன கணக்கு? அதோடு, சரக்கு குறையக் குறைய மிச்சம் இருப்பதற்கு மதிப்பு கூடும். வணிகவியல் முதல் வருஷப் பாடம் இது. சுரங்கம் ஒரு பக்கம் தின்கிறது என்பது, மறு பக்கத்தையும் தின்ன லைசென்ஸ் ஆகாது.

இன்னொரு பதில்: "மழை எப்படியும் அடிச்சிட்டுப் போயிடும்." மழை பார்த்துப் பார்த்து நல்லதாகப் பொறுக்குவதில்லையே! புதைபடிவத்தின் மதிப்பு அது கிடந்த அடுக்கில் இருக்கிறது. அங்கிருந்து பிரித்துவிட்டால் அது தேதியும் பெயரும் கிழிந்துபோன ரசீது. எந்த ஆடிட்டரும் ஏற்கமாட்டார்.

போனால் போனதுதான் என்பதற்கு அரியலூர் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. கல்லமேட்டில் ஒரு பிரம்மாண்ட டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. பிருஹத்காயோசாரஸ் என்று 1980-களில் பெயரும் வைத்தார்கள். எலும்புகள் உதிர்ந்து அழிந்துவிட்டன. அது உண்மையில் எவ்வளவு பெரியது என்று இன்று வாதாடுகிறவர்கள் கையில் இருப்பது பழைய கோட்டோவியங்களும் சில புகைப்படங்களும் மட்டுமே. மறுபக்கம், சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்துக்கு வேலி போட்டார்கள். அது இன்றும் நிம்மதியாகப் படுத்திருக்கிறது.

2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் புவியியல் பாரம்பரியத்தைக் காக்க ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. நல்லது. ஆனால் மசோதா வந்து ஓடையில் காவல் நிற்காது, ஆள்தான் நிற்க வேண்டும். அந்த ஆள் ஏன் காரை, குளக்காநத்தம் இளைஞராக இருக்கக் கூடாது? ஆடு மேய்த்த காலத்திலிருந்தே ஒவ்வொரு ஓடையும் அவருக்கு அத்துப்படி. ஒரு மாதம் பயிற்சி, ஒரு அடையாள அட்டை, ஆளுக்கு நூறு ரூபாய் கட்டணம், ஒரு குழுவுக்கு இத்தனை பேர் என்று வரம்பு, திரும்பும்போது பை சோதனை. கல் அங்கேயே இருக்கும், வருமானம் ஊருக்கு வரும். முதலைத் தொடாமல் வட்டியில் பிழைப்பது என்பது இதுதான்.

பனியாறாவது அடுத்த குளிர்காலத்தில் கொஞ்சம் பனி சேர்த்துக்கொள்ளும். காரைக்கு அந்தக் கடல் இனி திரும்பி வரப்போவதில்லை. அடுத்த முறை வேன் ஏறுகிறவர்கள் கேமராவை எடுத்துக்கொள்ளட்டும், பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்!