மாறிவிட்ட நோய்கள், மாற வேண்டிய அளவுகோல்

ஒரு காலத்தில் நம் கிராமத்து அரசு மருத்துவமனைக்கு வந்தவர்கள் யார்? பிரசவத்துக்கு வந்த தாய்மார்கள், வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைகள், காய்ச்சல் கண்டவர்கள், பாம்பு கடித்தவர்கள். இன்று அதே வரிசையில் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் நீண்டு நிற்கின்றனர்.

பழைய நோய்களை எதிர்கொண்டதில் தமிழகம் கண்ட வெற்றியை நன்றியோடு நினைத்துப் பார்க்க வேண்டும். 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை கொண்டு சேர்த்தது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன.

ஆனால் புதிய நோய்கள் வேறு கணக்குக் கேட்கின்றன. 2020-இல் தமிழகத்தில் நடந்த ஆய்வில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. மருந்து இலவசம், மருத்துவரும் இருக்கிறார். பிறகு ஏன் இந்த நிலை?

காய்ச்சல் சில நாளில் போய்விடும். சர்க்கரை நோய்க்கு ஆயுள் முழுவதும் மாத்திரை வேண்டும். மாத்திரை வாங்கப் போகும் நாளில் கூலி போகிறது. வலி இல்லாததால், "குணமாகிவிட்டது" என்று பலர் நிறுத்திவிடுகின்றனர். பக்கவாதமோ சிறுநீரகப் பாதிப்போ வந்த பிறகே திரும்பி வருகின்றனர். அப்போது குடும்பமே கடனில் விழுகிறது.

இதை உணர்ந்தே 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. மாத்திரை வீடு தேடி வந்தது. 2023-24 ஆய்வில் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தோர் 17 விழுக்காடாகவும், சர்க்கரை கட்டுக்குள் இருந்தோர் 16.7 விழுக்காடாகவும் உயர்ந்தனர். நல்ல முன்னேற்றம்தான். ஆயினும் ஆறு பேரில் ஐந்து பேருக்கு நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லையே!

ஆகவே, இன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்பதோடு மருத்துவமனையின் கணக்கு முடிந்துவிடக் கூடாது. போன மாதம் வந்தவர் இந்த மாதமும் வந்தாரா, அவருடைய சர்க்கரை அளவு குறைந்ததா என்பதே உண்மையான அளவுகோல். வராதவரைத் தேடிப் போகச் செவிலியரும் களப்பணியாளரும் போதுமான அளவில் வேண்டும்; அதைக் கிராமசபையில் கேட்பது நம் உரிமை.

நம் தெருவில் தனியாக வாழும் முதியவரிடம், "மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்பது நம் கடமை. கேட்கிறோமா? சிந்திப்போம்.