நூலோவியம்: காட்சியும் சாட்சியும்

நுழையும்முன்

ஒளிப்படம் தோன்றுவதற்கு முன்பு, காணாத நாட்டையும் காணாத விலங்கையும் கடந்துபோன காலத்தையும் மக்கள் நூலோவியங்களின் வழியாகவே கண்டனர். அவ்வோவியங்களை அழகுப்பொருளாக மட்டும் கருதாமல், எழுத்தைப் போலவே ஆராய்ந்து படிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

உதிரும் செய்திகள்

பழைய நூல்களில் இடம்பெற்ற ஓவியங்களுக்கு இன்று தனி மதிப்பு உண்டு. நூலிலிருந்து அறுத்தெடுக்கப்பட்ட தாள்கள் கண்ணாடிச் சட்டங்களுக்குள் அமர்ந்து சுவர்களை அணிசெய்கின்றன. வாழ்த்து அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் கைப்பேசித் திரைகளிலும் அவை மறுபிறவி எடுக்கின்றன. இவ்வாறு பரவும்போது ஓவியம் பிழைத்துக்கொள்கிறது. ஆனால், வரைந்தவர் யார், எந்த ஆண்டில், எந்த நூலுக்காக வரைந்தார் என்னும் செய்திகள் உதிர்ந்துவிடுகின்றன. செய்தி உதிர்ந்த ஓவியம் கண்ணுக்கு இன்பம் தரும். சில வேளைகளில் பிழையான அறிவையும் தந்துவிடும்.

காணாமல் வரைந்த காண்டாமிருகம்

1515ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியக் காண்டாமிருகம் ஒன்று போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் இறங்கியது. குசராத்து சுல்தான் போர்ச்சுகீசியருக்கு அளித்த பரிசு அது. செருமனியின் நூரம்பர்க் நகரில் வாழ்ந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அவ்விலங்கை நேரில் கண்டவர் அல்லர். தமக்குக் கிடைத்த வருணனையையும் ஒரு கோட்டுப்படத்தையும் துணையாகக் கொண்டு, அதே ஆண்டில் அதனை மரக்கட்டை அச்சோவியமாக்கினார். அவ்வோவியத்தில் தோலின் மடிப்புகள் போர்க்கவசத் தகடுகளாயின. தோளின்மேல் இல்லாத சிறு கொம்பு ஒன்று முளைத்தது. 1551இல் வெளிவரத் தொடங்கிய கான்ராட் கெஸ்னரின் விலங்கியல் நூலிலும் அவ்வுருவம் இடம்பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய நூல்கள் அதையே படியெடுத்தன.

டியூரரை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால், அவர் கைத்திறன் குறைந்தவராக இருந்திருந்தால் அப்பிழை இத்தனை காலம் வாழ்ந்திராது. கோடுகளின் உறுதியே கேள்வியறிவைக் காட்சியறிவாக மாற்றியது.

ஒரே கட்டை, பல நகரங்கள்

1493இல் நூரம்பர்க்கில் அச்சான ஹார்ட்மன் ஷெடலின் உலக வரலாற்று நூலில் 1800க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றை அச்சிடப் பயன்பட்ட மரக்கட்டைகளோ ஏறத்தாழ 645 மட்டுமே. சில நகரங்களின் படங்கள் உண்மைத் தோற்றத்தைத் தழுவியவை. வேறு பல நகரங்களுக்கோ ஒரே கட்டை மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டுப் பெயர் மட்டும் மாற்றப்பட்டது. மன்னர்கள், அறிஞர்கள் ஆகியோரின் முகங்களும் அவ்வாறே.

முழு நூலையும் புரட்டுபவர்க்கே இவ்வுண்மை புலப்படும். ஒரு தாளை மட்டும் அறுத்துச் சட்டமிட்டு வைத்திருப்பவர், அதிலுள்ள கோட்டையும் கோபுரமும் அந்நகரத்தினுடையவை என்றே நம்புவார். நூலைச் சிதைப்பவர் தாளை மட்டும் பிரிக்கவில்லை. தாளை ஆராய்வதற்கான சான்றையும் அழிக்கிறார்.

இரு காலங்களின் சாட்சி

விவிலியக் காட்சிகளுக்குப் புகழ்பெற்றவர் பிரான்சு நாட்டின் குஸ்தாவ் தோரே. 1866இல் வெளிவந்த விவிலியப் பதிப்புக்காக அவர் இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களை உருவாக்கினார். பெருவெள்ளத்தில் தத்தளிக்கும் மக்களும், இருளைப் பிளந்து இறங்கும் ஒளியும் அவருடைய தனித்தன்மையைக் காட்டுவன. பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர்கள் விவிலிய மாந்தர்க்குத் தம் ஊரார் உடையை அணிவித்தனர். தோரேயின் காலத்திலோ அசீரிய அகழாய்வுகள் வெளிக்கொணர்ந்த சிற்பங்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களை அடைந்திருந்தன. அதனால் அவர் வரைந்த அரண்மனைகளில் பண்டைக் கீழைநாட்டுச் சாயல் படிந்தது. ஆகவே, வரலாற்று ஓவியம் ஒவ்வொன்றும் வரையப்பட்ட காலத்தோடு வரைந்த காலத்திற்கும் சாட்சியாகிறது.

தோரே வரைந்தார்; மரத்தில் செதுக்கியவர்கள் வேறு கலைஞர்கள். ஓவியத்தின் அடிப்பகுதியில் ஒருபுறம் தோரேயின் பெயரும் மறுபுறம் செதுக்கியவரின் பெயரும் இருப்பது வழக்கம். ஓரங்களை வெட்டிப் படத்தை மட்டும் பகிரும்போது முதலில் மறைவது அவ்வுழைப்பாளியின் பெயரே.

மறைந்த பறவைகள்

ஆங்கிலேயரான தாமஸ் பியூயிக், கடினமான மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் நுண்ணிய உளிகொண்டு செதுக்கும் முறையை வளர்த்தார். இறகின் மென்மையும் அதில் பதிந்தது. எழுத்துகளோடு ஒரே பக்கத்தில் அச்சிடவும் முடிந்தது. 1797, 1804 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய பறவை நூல்கள் பொதுமக்களிடமும் பரவின.

1827 முதல் 1838 வரை வெளிவந்த ஜான் ஜேம்ஸ் ஆடுபானின் அமெரிக்கப் பறவைகள் நூல், 435 பெரிய வண்ணத் தகட்டோவியங்களைக் கொண்டது. பறவைகளைச் சுட்டு, கம்பியால் நிலைநிறுத்தி அவர் வரைந்தார். உயிரளவில் காட்ட விரும்பியதால், பூநாரையின் நீண்ட கழுத்து தாளுக்குள் அடங்குமாறு வளைக்கப்பட்டது. அவர் வரைந்த பயணிப் புறா 1914இல் அற்றுப்போனது. கரோலினா கிளியும் இன்று இல்லை. அப்பறவைகளின் வண்ணத்தையும் அசைவையும் அறிய விரும்புவோர்க்கு அவ்வேடுகள் அரிய ஆவணங்கள்.

காக்கும் கடமை

தாள்களைப் பிரித்து விற்பதால்தான் எளியோர்க்கும் அவை கிடைக்கின்றன என்பர் சிலர். நூல் முழுவதையும் வாங்க இயலாதவர்க்கு அது பயன்படவே செய்தது. இன்று முழு நூலையும் மின்படியாக்கி அனைவர்க்கும் அளிக்க முடிகிற நிலையில் அவ்வாதம் வலுவிழக்கிறது. ஏற்கெனவே பிரிந்த தாள்களுக்கும் நூற்பெயர், ஆண்டு, கலைஞர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும்.

வரைந்தவர் யார்? எப்போது வரைந்தார்? நேரில் கண்டாரா, கேட்டு வரைந்தாரா? எந்த நூலுக்காக வரைந்தார்? இந்நான்கு வினாக்களைப் பழைய ஓவியங்களிடம் கேட்டுப் பழகிய மாணவர், இன்று நொடிதோறும் திரையில் வந்து விழும் படங்களையும் எளிதில் நம்பிவிடமாட்டார். பழைய நூலோவியங்கள் இளைய தலைமுறைக்கு அளிக்கக்கூடிய பெரும்பயன் இப்பயிற்சியே ஆகும்.