'வண்டி சரிசெய்யப்பட்டது': செயப்பாட்டு வினையில் மறையும் கைகள்

மணாலியிலிருந்து லே வரையிலான ஏறத்தாழ 430 கி.மீ. மலைப்பாதையைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் வெளிவரும் பயணக் காணொளிகளுக்கும் கட்டுரைகளுக்கும் ஒரே இலக்கணம்தான். எழுவாய், ஓட்டுநர். செயப்படுபொருள், மலை. பயனிலை, 'வென்றார்'. இடையில் கிளட்ச் கேபிள் அறுந்ததும், கேலாங்கில் ஒரு மெக்கானிக் குளிரில் விரல்கள் விறைக்க அதை மாற்றிக் கொடுத்ததும் ஒரே வரியில் கடந்துவிடும்: 'வண்டி சரிசெய்யப்பட்டது.' சரிசெய்தவர் யார்? வாக்கியத்தில் அவருக்கு இடமில்லை. நண்பர்களிடம் பேசும்போது 'ஒருத்தர் சரி பண்ணிக் கொடுத்தார்' என்று சொல்லும் அதே வாய், எழுத்தென்று வந்ததும் அந்த 'ஒருத்த'ரையும் துறந்துவிடுகிறது. இதை மொழிநடைக் குறை என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது. யாருடைய செயல் அறிவாகக் கணக்கில் வரும், யாருடைய செயல் வெறும் பின்னணியாகக் கரையும் என்பதைத் தீர்மானிக்கும் அரசியல் அது.

'சாகசம்' என்ற சொல்லிலேயே இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. வடமொழித் தர்மசாத்திரங்களில் 'சாகசம்' என்பது பலத்தால் பிறர்மேல் இழைக்கும் வன்செயலைக் குறிக்கும் வழக்கு வகை. தமிழில் 'சாகசக்காரி' என்று ஒருத்தியை ஏசும்போது சுட்டப்படுவது துணிவன்று, பாசாங்கு. இவ்விரு பொருள்களும் தேய்ந்து, இன்று வீரம் என்ற ஒற்றைப் பொருளே விளம்பரங்களில் எஞ்சியிருக்கிறது. ஆனால் 'சாகச மோட்டார் சைக்கிள்' என்று விற்கப்படும் பண்பாட்டை உற்றுநோக்கினால் பழைய பொருள்கள் இரண்டும் உயிரோடிருப்பது தெரியும். பிறர் உழைப்பைச் சொல்லாமல் எடுத்துக்கொள்வது ஒன்று. 'எவர் துணையுமின்றி' என்ற பாசாங்கு மற்றொன்று.

அந்தப் பாதையில் ஒரு வண்டிக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்த்தாலே பாசாங்கு கலைந்துவிடும். தங்லங் லா கணவாயின் உயரம் ஏறத்தாழ 5,300 மீட்டர். அங்குள்ள காற்றழுத்தம், கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே விஞ்சும். பழைய கார்புரேட்டர் வண்டியில் காற்று மெலிந்தாலும் பெட்ரோல் அதற்கேற்பக் குறைவதில்லை. கலவை செறிந்து, ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து, எஞ்சின் திணறும். அனுபவமற்றவர் ஆக்சிலேட்டரை மேலும் திருகுவார், நிலைமை மோசமாகும். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பார். கறுப்பென்றால் எரிபொருள் மிகுதி, வெளுப்பென்றால் காற்று மிகுதி, இளம்பழுப்பென்றால் சரி. ஏர் ஃபில்டரைத் தட்டித் துடைப்பார். வேண்டுமானால் சிறிய துளையுள்ள ஜெட்டை மாற்றுவார். ஒரு நிறத்திலிருந்து எரிதலின் வேதியியலை வாசிக்கும் செயல் இது.

ஓடைகளைக் கடப்பது அடுத்த சோதனை. காலையில் கணுக்கால் அளவே ஓடும் பனியுருகு நீர், பிற்பகலில் வெயிலேறியதும் முழங்காலைத் தொடும். தவறி விழுந்த வண்டியின் எஞ்சினுக்குள் நீர் புகுந்துவிட்டால், பதற்றத்தில் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்துவதே பெரும்பிழை. காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. பிஸ்டன் அதன்மேல் மோதினால் கனெக்டிங் ராட் வளையும். பயணமும் எஞ்சினும் அங்கேயே முடியும். பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுழலவிட்டு நீரை வெளியேற்றி, ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, வெளுத்திருந்தால் அதை மாற்றிய பின்னரே உயிர்ப்பிக்க வேண்டும். மோரே சமவெளியில் பொழுது சாயும் வேளையில் இது தெரிந்திருப்பதற்கும் தெரியாதிருப்பதற்கும் இடையிலான வேறுபாடு, சில நேரங்களில் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடு. காற்று மெலிந்த அந்த உயரத்தில், நனைந்த உடையோடு கழிக்கும் இரவு யாரையும் மன்னிப்பதில்லை.

இவ்வளவையும் கல்விப்புலம் எந்தப் பெயரால் அழைக்கிறது? 'திறன்'. அறிவு என்ற சொல் பல்கலைக்கழகத்துக்கு. திறன் என்ற சொல் பட்டறைக்கு. 'இன்னதென அறிதல்', 'இன்னவாறென அறிதல்' என்ற இரண்டில் முன்னதன் விளைபொருளாகவே பின்னதைக் காணும் பிழையைக் கில்பர்ட் ரைல் 1949ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்போரைப் பற்றி ஜூலியன் ஓர் 1996இல் வெளியிட்ட இனவரைவியல் நூல் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. நிறுவனம் தந்த கையேடு போதாத இடத்தில், அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பழுதுக் கதைகளே நோயறியும் முறையாக இயங்கின என்று அது காட்டியது. கேலாங்கிலும் காசாவிலும் தேநீர்க் கோப்பைகளுக்கிடையே நிகழும் உரையாடலும் அத்தகையதே. 'எஞ்சின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை' என்றால் கிளட்ச் பிளேட். 'கியர் மாற்றும்போது இழுக்கிறது' என்றால் முதலில் கேபிளைப் பார். அறிகுறி, ஐயம், சோதனை, முடிவு என்று அடுக்கடுக்காகச் செல்லும் இந்த உரையாடலை ஓர் ஆய்வுக்கூடத்தில் கேட்டால் அதற்குப் பெயர் முறையியல்.

இந்த முறையியலை மறைக்க அண்மைக் காலத்தில் கிடைத்த இனிப்பான உறை 'ஜுகாட்'. 2012இல் வெளிவந்த ஒரு மேலாண்மை நூல் இச்சொல்லை உலகெங்கும் கொண்டுசென்றது. அதுமுதல் இந்திய மெக்கானிக்கின் ஒவ்வொரு செயலும் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றும் சாமர்த்தியமாகப் புகழப்படுகிறது. புகழ்ச்சிபோல் ஒலிக்கும் இழிவு இது. பாறையில் அடிபட்டு விரிசல்விட்ட எஞ்சின் உறையை எபாக்சிப் பசையால் அடைப்பவர், எந்த வெப்பத்தில் அது தாங்கும், எண்ணெய்ப்பசை துளியும் எஞ்சாமல் எப்படித் துடைக்க வேண்டும், எத்தனை மணிநேரம் உலரவிட வேண்டும் என்பதை அறிந்தே செய்கிறார். மருத்துவர் அவசர நிலையில் செய்யும் தற்காலிகக் கட்டை எவரும் ஜுகாட் என்பதில்லை.

பழுதுபார்ப்பு வண்டியோடு முடிவதுமில்லை. அந்தப் பாதையே ஓயாமல் பழுதுபார்க்கப்படும் ஒரு பொருள்தான். 1960இல் நிறுவப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பின் கீழ் லடாக்கில் கல் உடைத்து, தார் ஊற்றி, சரிந்த மண்ணை அகற்றுவோரில் பெருந்தொகையினர் ஜார்க்கண்டின் தும்கா பகுதியிலிருந்து செல்லும் தொழிலாளர்கள். அவர்களுள் பலர் சந்தாலி பேசும் பழங்குடியினர். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது லேயிலிருந்து ஒரு தொகுதியினரை விமானத்தில் ராஞ்சிக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. அடுத்த மாதமே அதே மாநிலத்திலிருந்து சாலைப்பணிக்காகத் தொழிலாளர்களோடு தனி ரயில் புறப்பட்டது. அவர்கள் இல்லாவிட்டால் ஒரு பருவத்துக்குள் அந்தச் சாலை இல்லை.

ஆனால் சாகச இலக்கியம் விவாதிப்பது எதை? கார்துங் லா கணவாயின் பெயர்ப்பலகையில் நெடுங்காலம் நின்ற 18,380 அடி சரியா, பின்வந்த அளவீடுகள் சொல்லும் 17,582 அடி சரியா என்பதை. எண்ணுக்கு இத்தனை வழக்காடுவோர், அப்பலகை வரை செல்லும் சாலையின் பனியை அகற்றியவர் எவ்வூரார், எவ்வளவு கூலி பெறுகிறார், எந்த மொழியில் பாடுகிறார் என்று ஒரு வரி கேட்பதில்லை. 'பழுதுபார்ப்பை மறுசிந்தித்தல்' என்ற பொருளில் ஸ்டீவன் ஜாக்சன் 2014இல் எழுதிய கட்டுரை, உலகைப் புதுமையின் பக்கத்திலிருந்து அன்றி உடைவின் பக்கத்திலிருந்து காணச் சொன்னது. அவ்வாறு கண்டால் இமயமலைப் பயணத்தின் எழுவாய் மாறிவிடும்.

'ஆஃப்-ரோடு' என்ற சொல்லும் இந்த வெளிச்சத்தில் நிற்காது. கிராம்ஃபூவிலிருந்து பாதல் வழியாகக் குன்சும் கணவாயைக் கடந்து லோசர் செல்லும் கரடுமுரடான வழியை நகரத்து ஓட்டுநர் 'சாலையற்ற நிலம்' என்கிறார். ஸ்பிதியின் உழவருக்கு அது கோடையில் பச்சைப்பட்டாணி மூட்டைகள் சந்தைக்குப் போகும் வழி; உறவினர் வரும் வழி. ஒருவரின் அன்றாடத்தை 'சாலைக்கு வெளியே' என்று பெயரிட, பெயரிடுபவர் தம்மை மையத்தில் நிறுத்திக்கொண்டால்தான் முடியும்.

இரண்டாவது அநீதி இயந்திரத்துக்குள்ளேயே நிகழ்கிறது. இது முன்னதைவிட நெடுநாள் நீடிக்கக்கூடியது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 புகைவிதிகளுக்குப் பின் கார்புரேட்டர் பெரும்பாலும் விடைபெற்று, மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை வந்துவிட்டது. இதை எதிர்ப்பது அறிவீனம். காற்றழுத்தத்தை உணரியால் அளந்து அதற்கேற்ப எரிபொருளைக் குறைக்கும் வண்டி, மலைக்கும் நுரையீரலுக்கும் நல்லது. பழைய இயந்திரங்களின் மீதான ஏக்கம் இங்கே வாதமாகாது. கேள்வி வேறு: உணரி பழுதானால் அதன் பிழைக்குறியீட்டை வாசிக்கும் உரிமை யாருக்கு? கண்டறியும் கருவியும் பழுதுபார்ப்புக் கையேடும் விற்பனை நிறுவனத்தின் சொந்தப் பணிமனைக்குள் மட்டும் பூட்டப்பட்டிருந்தால், எஞ்சினின் ஒலியைக் கேட்டே பழுதறியும் கேலாங் மெக்கானிக் ஒரே இரவில் எழுத்தறிவற்றவர் ஆக்கப்படுகிறார். அவர் கற்றது பொய்யாகிவிடவில்லை. அவர் வாசித்த நூலின் எழுத்துருவை மாற்றி, அகராதியைப் பூட்டிவிட்டார்கள்.

இது கற்பனை அச்சமன்று. உதிரிபாகங்களையும் கண்டறியும் கருவிகளையும் சுயேச்சை மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் உற்பத்தி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வழக்கு கார்களைப் பற்றியதுதான். ஆனால் இருசக்கர வண்டிகளும் அதே மின்னணுப் பாதையில் வந்து சேர்ந்துவிட்டன. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, வாகனத் துறையையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆண்டின் இறுதியில் ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் தகவல் தளம் ஒன்று, மலையடிவாரப் பட்டறையின் மேசைமீது கண்டறியும் கருவியைக் கொண்டுவந்து வைத்துவிடாது.

'மெக்கானிக்குக்குத்தான் பணம் கொடுத்தாயிற்றே, பெயர் வேறு சொல்ல வேண்டுமா?' என்று கேட்பார்கள். நூலாசிரியருக்கும் விலை கொடுத்துத்தான் நூல் வாங்குகிறோம் என்பதால் மேற்கோள் காட்டாமல் விடலாமா? 'ஓட்டுவது வேறு கலை, பழுதுபார்ப்பது வேறு கலை' என்பது அடுத்த மறுப்பு. தக்கார் பேரணியில் உதவிக் குழுவின்றி ஓடுவோருக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பகல் முழுவதும் மணலில் ஓட்டியவர், இரவில் தம் வண்டியைத் தாமே பிரித்து, துடைத்து, பூட்டிவிட்டே உறங்க வேண்டும். அப்போட்டியின் மிகக் கடினமான பிரிவாக அதுவே மதிக்கப்படுகிறது. இவ்விரு கலைகளும் ஒன்றென்பதை விளையாட்டே ஒப்புக்கொண்டுவிட்டது, ஒப்புக்கொள்ளாதது விளம்பரம்தான்.

கல்விப்புலத்தாருக்கு இதில் என்ன வேலை என்று நகர்ந்துவிட முடியாது. ஸ்பிதியிலும் லாஹௌலிலும் மொழிகளைப் பதிவுசெய்யச் செல்லும் ஆய்வாளரும், பனிப்பாறை அளக்கச் செல்வோரும், பறவை எண்ணச் செல்வோரும் கடைசிக் கிராமத்தை அடைவது பெரும்பாலும் யாரோ ஒருவர் பழுதுபார்த்த வண்டியில், யாரோ ஒருவர் அகழ்ந்த சாலையில். ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர் இருப்பார், நிதி வழங்கிய அமைப்பு இருக்கும், நூலகர் இருப்பார். களப்பணியின் நான்காம் நாளில் பஞ்சர் ஒட்டி, செயினை இறுக்கி, 'அந்த ஓடையைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்' என்று எச்சரித்து அனுப்பியவர் இருக்கமாட்டார். அந்த எச்சரிக்கை இல்லையென்றால் தரவு இல்லை. தரவு இல்லையென்றால் பட்டம் இல்லை.

கேட்கப்படுவது பெரிதன்று. மலைக்குச் செல்லும் ஓட்டுநர் பஞ்சர் ஒட்டவும், கேபிள் மாற்றவும், பிளக்கை வாசிக்கவும், நீர் புகுந்த எஞ்சினை மீட்கவும் புறப்படுமுன் ஒரு பட்டறையில் அமர்ந்து கற்றுக்கொள்ளட்டும். கற்பித்தவரை ஆசிரியர் என்றே அழைக்கட்டும். பிழைக்குறியீடுகளும் கையேடுகளும் எந்தப் பட்டறைக்கும் நியாயமான விலையில் கிடைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தட்டும். பழுதுக் கதைகளைத் தொகுப்பதும், பட்டறைகளின் கலைச்சொற்களைப் பதிவுசெய்வதும் ஆய்வுப் பொருளாகட்டும். சொன்னவர்கள் விரும்பினால் அவர்கள் பெயரோடு.

இவற்றுக்கெல்லாம் காலம் ஆகும். ஆனால் இன்றே, செலவின்றிச் செய்யக்கூடிய திருத்தம் ஒன்று உண்டு. 'வண்டி சரிசெய்யப்பட்டது' என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, செய்வினையில் மீண்டும் எழுதுவது. எழுவாயை எழுத வேண்டிய இடத்தில் பேனா தயங்கினால், பழுது எங்கே இருக்கிறதென்று அப்போதே தெரிந்துவிடும்.